இரண்டு லட்சமா, எண்பதாயிரமா? ஆனேக்கல் குளத்துக்கு ஒரு கணக்கு

என் மனைவியின் தம்பிக்கு ஆனேக்கல் பக்கம் இரண்டு குளங்கள் இருக்கின்றன. ஒன்று 2 குண்டே, இன்னொன்று 12 குண்டே. பெங்களூரைச் சுற்றி நிலத்தை சென்ட்டில் சொன்னால் விழிப்பார்கள். நாற்பது குண்டே ஓர் ஏக்கர், ஒரு குண்டே என்பது இரண்டரை சென்ட். ஆகச் சின்னக் குளம் ஏறக்குறைய 200 சதுர மீட்டர், பெரியது 1,200 சதுர மீட்டர். மழை தொடங்கியதும் கட்லா, ரோகு, மிர்கால் என்னும் கெண்டை இன மீன் குஞ்சுகளை வாங்கி விட்டு, விரலளவுக்கு வளர்த்து, ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் விற்பது அவனுடைய திட்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "மாமா, குஞ்சு கொடுப்பவர் சின்னக் குளமே இரண்டு லட்சம் தாங்கும் என்கிறார். நீங்கள் எண்பதாயிரத்தைத் தாண்டாதே என்கிறீர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. ஒரு தொழிற்சாலையின் நீர்ச் சோதனைக் கூடத்தில் முப்பது வருடம் குப்பிகளோடு வாழ்ந்தவன். போன வருடம் அவன் குளத்தில் நடந்ததைக் கூட இருந்து பார்த்தவன். எனவே அவனிடம் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் குஞ்சுகளின் நெருக்கடி எங்கே கடிக்கும் என்பதை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். முட்டை பொரித்து மூன்று நான்கு நாளான, 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமுள்ளது நுண்குஞ்சு. அதை இரண்டு மூன்று வாரம் வளர்த்தால் 20 முதல் 25 மில்லிமீட்டர் இளங்குஞ்சு. இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் 80 முதல் 100 மில்லிமீட்டர் விரலளவுக் குஞ்சு. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். கன்னடத்தில் 'மீனு மரி' என்று சொல்லி மூன்றையும் ஒரே வாயில் விற்றுவிடுவார்கள். எந்த மரி என்று கேட்காமல் எண்ணிக்கையைப் பேசுவதில் பொருள் இல்லை. ஒரு லட்சம் நுண்குஞ்சின் மொத்த எடை 150 கிராம் அளவுதான். ஒரு லட்சம் விரலளவுக் குஞ்சைக் கொண்டுவரவோ லாரி வேண்டும்.

மண் குளத்தில் நுண்குஞ்சு விடுவதற்குப் பரவலாகத் தரப்படும் பரிந்துரை ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம். சதுர மீட்டருக்கு 300 முதல் 500 என்று வைத்துக்கொள்ளலாம். சின்னக் குளத்துக்கு இது 60,000 முதல் ஒரு லட்சம் வரை வருகிறது. நான் சொன்ன எண்பதாயிரம் இதன் நடுவில் இருக்கிறது. அப்படியானால் வியாபாரி சொன்ன இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது? அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. சிமெண்ட் தொட்டிக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு ஒரு கோடி முதல் இரண்டு கோடி வரை போகும். 200 சதுர மீட்டருக்கு இரண்டு லட்சம் என்பது அந்தக் கணக்கின் கீழ்ப்படி. தொட்டியில் காற்றடிக்கலாம், தண்ணீரை மாற்றலாம், அடியில் தங்கும் கசடைத் தினமும் உறிஞ்சி எடுக்கலாம். தொட்டிக்குச் சரியான எண்ணை மண் குளத்துக்குச் சொன்னதுதான் பிழை. குஞ்சு விற்பவருக்கு அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்வதில் லாபம் ஒன்றும் இல்லை.

போன வருடம் அதே குளத்தில் விட்டது ஒன்றரை லட்சம். பத்து நாள் வரை எல்லாம் நன்றாகவே போனது. தண்ணீர் நல்ல பச்சை. தீனி போட்டால் ஓரமெல்லாம் கருப்பாகத் திரண்டு வரும். மச்சினன் அதைப் படம் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்பினான். பதினோராம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் என்னை எழுப்பி, டார்ச்சோடு கரைக்கு அழைத்துப் போனான். மழை இல்லை. ஆனால் குளத்தின் மேல் தூறல் விழுவது போல இருந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு துளியும் ஒரு வாய். மேலே வந்து, வாயைத் திறந்து, தண்ணீர் காற்றைத் தொடும் அந்த மயிரிழைப் படலத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருந்தன.

பழக்கதோஷத்தில் நான் கையோடு குப்பியும் மருந்துகளும் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரை 300 மில்லிக் குப்பியில் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால் ஒரு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அது காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். அன்றைக்கு இறங்கியது மோர் நிறத்தில். மேற்கொண்டு அளந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து சிதற வைத்தோம். எட்டு மணிக்கு வெயில் விழுந்ததும் குஞ்சுகள் கீழே இறங்கின. அவன் நிம்மதியாகிவிட்டான். எனக்கு நிம்மதி வரவில்லை.

பதினெட்டாம் நாள் வலை இழுத்து எண்ணியபோது இருபதாயிரம்கூடத் தேறவில்லை. மச்சினனுக்கு நம்ப முடியவில்லை. "அத்தனையும் செத்திருந்தால் மிதந்திருக்க வேண்டாமா, மாமா?" என்று கேட்டான். மிதக்காது. சில மில்லிகிராம் எடையுள்ள உயிர் செத்தால் அடியில் படிந்து ஒரே நாளில் சேற்றோடு சேர்ந்துவிடும். நுண்குஞ்சுக் குளத்தில் சாவு கண்ணுக்குத் தெரியாது. வலையை இழுக்கும் நாளில்தான் பற்றுக்கணக்கு தெரியும். எல்லாப் பழியையும் நெருக்கடியின் மேல் போடுவதும் நியாயம் இல்லை. நீர்ப்பூச்சிகளை ஒழிக்க எண்ணெயும் சோப்பும் கலந்து தெளிப்பதை நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். முதுகு கீழாக நீந்தும் அந்தப் பூச்சிகள் தங்கள் பங்கைத் தின்றிருக்கும். ஆனால் அந்தப் பதினோராம் நாள் காலையைப் பூச்சி கொண்டுவரவில்லை.

என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது அளவுதான். ஒரு கோப்பைத் தண்ணீரில் இருபத்தைந்து குஞ்சுகளை அள்ளி, பேரனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்தாறு குஞ்சுகள் 30 மில்லிமீட்டரை எட்டியிருந்தன. பாதிக்கு மேல் 12, 13 மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. ஒரே நாளில், ஒரே பையிலிருந்து விட்டவை. நெருக்கம் எல்லாக் குஞ்சுகளையும் சமமாகக் குறுக்குவதில்லை. பந்திக்கு முந்தியவை மேலும் மேலும் முந்துகின்றன. பின்தங்கியவற்றின் வாய் சின்னதாகவே இருப்பதால் அடுத்த வேளைத் தீனியும் அவற்றுக்கு எட்டுவதில்லை. வாங்க வருபவர் ஒரு கை அள்ளிப் பார்த்து, சின்னதைக் காட்டி விலை பேசுவார். பெரியதைப் பார்க்கவே மாட்டார்.

சரி, நெருக்கடி என்று எதைச் சொல்கிறோம்? நகர பஸ்ஸில் தோளோடு தோள் உரசுவது மாதிரி என்று நினைத்தால் தவறு. சதுர மீட்டருக்கு 1,000 நுண்குஞ்சு இருந்தாலும் உடம்புக்கு இடம் தாராளமாக இருக்கும்; அவை மொத்தமே ஒன்றரை கிராம். பற்றாக்குறை மூன்று இடத்தில் வருகிறது: வாய்க்கு அடங்கும் உயிர்த்தீனியில், விடியற்காலை ஆக்சிஜனில், பிற்பகல் அம்மோனியாவில்.

முதல் சில நாட்கள் நுண்குஞ்சு தின்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களான சுழலுயிரிகளையும் நீர்த்தெள்ளுகளையும். பிண்ணாக்குத் தூள் துணை உணவுதான். ஐம்பது லிட்டர் தண்ணீரை நுண்வலையில் வடிகட்டினால் அடியில் இந்த உயிர்கள், அதாவது விலங்கு மிதவை, 1 முதல் 2 மில்லி படிய வேண்டும். குஞ்சு அதிகமானால் அந்தக் கையிருப்பு மூன்று நான்கு நாளில் காலி. பிறகு முழுப்பாரமும் பிண்ணாக்கின் மேல் விழும். கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவு கலந்து, லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினமும் 600 கிராம், பிறகு 1,200 கிராம் என்பது வழக்கமான அளவு. எண்பதாயிரம் குஞ்சுக்கு ஆறாம் நாளிலிருந்து தினம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு லட்சத்துக்கு 2.4 கிலோ. அதே இரண்டு குண்டே தண்ணீரில்.

அந்தத் தூளில் பெரும்பகுதி குஞ்சின் வயிற்றுக்குப் போவதில்லை. கரைந்து உரமாகிறது, பாசி பெருகுகிறது, தண்ணீர் கரும்பச்சையாகிறது. பகலில் ஆக்சிஜனை வாரி வழங்கும் அதே பாசி இரவெல்லாம் அதைத் திரும்ப உறிஞ்சுகிறது. விடியற்காலையில் குளத்தை மூச்சுத் திணற வைப்பது முக்கியமாக மீன் அல்ல; பாசியும் சேறும்தான். மீன் குடிக்கும் ஆக்சிஜனைவிட, மீனுக்காக நாம் கொட்டியது அதிகம் குடிக்கிறது. இதனால்தான் 'இத்தனை குஞ்சு தாங்கும்' என்று பகல் பன்னிரண்டு மணிக்குக் குளத்தைப் பார்த்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. பன்னிரண்டு மணிக்கு எந்தக் குளமும் தாங்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அது எத்தனையைத் தாங்குகிறதோ அதுதான் அந்தக் குளத்தின் கொள்ளளவு.

இதில் பெங்களூருக்கென்று ஒரு சின்னக் கழித்தலும் உண்டு. கடல் மட்டத்தில் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது 7.4 அளவில் நின்றுவிடும். தஞ்சாவூர்க் குளத்துக்குச் சொன்ன எண்ணை இங்கே அப்படியே போடுபவர் இந்தப் பத்தில் ஒரு பங்கை மறந்துவிடுகிறார். குஞ்சுகளுக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 3க்குக் கீழே போனால் தொல்லை. இடைவெளி அவ்வளவு குறுகலாக இருக்கும்போது 0.8 என்பது சில்லறை இல்லை. அல்சூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் எங்கள் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே காலையில் வெள்ளையாக மிதந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே காரணம் கழிவுநீர், இங்கே பிண்ணாக்கு. மீனின் செவுளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அம்மோனியாவின் நேரம் வேறு. அது மீனின் செவுள் வழியாகவும், மக்கும் தீனியிலிருந்தும் வருகிறது. தண்ணீரின் கார அமிலத் தன்மை (pH) 7ஆக இருக்கும்போது, 25 டிகிரியில், அதில் நஞ்சாக இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8க்குப் போனால் நூற்றில் ஐந்து. 9க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கரும்பச்சைக் குளம் பிற்பகல் மூன்று மணிக்கு 9ஐத் தொடுவது சாதாரணம். ஆக நெருக்கமான குளத்தில் குஞ்சுக்கு ஒரு நாளில் இரண்டு கண்டம்: விடியலில் மூச்சு, பிற்பகலில் நஞ்சு. இரண்டையும் பிழைத்தவையும் நலமாக இருப்பதாகச் சொல்ல முடியாது. தொடர்ந்த நெருக்கடியில் மீனின் உடலில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது; தீனி எடுப்பது குறைகிறது; தின்றதும் உடம்பில் ஒட்டுவதில்லை; நோயை எதிர்க்கும் வலு சரிகிறது. செவுள் புழுவும் மீன் பேனும் அடுத்த உடம்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை.

'மூன்று இனத்தையும் கலந்து விட்டால் நெருக்கம் தெரியாது. கட்லா மேலே, ரோகு நடுவில், மிர்கால் அடியில் மேய்ந்துகொள்ளும்' என்று மச்சினனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்த மீனுக்கு அது உண்மை. கலப்பு வளர்ப்பின் அடிப்படையே அதுதான். நுண்குஞ்சுப் பருவத்தில் மூன்றும் ஒரே மிதவையைத்தான் தேடுகின்றன. அந்த வயதில் மாடி வீடு கிடையாது, எல்லோரும் ஒரே கூடத்தில்தான். எனவே சின்னக் குளத்தில் ஒரே இனத்தை வளர்ப்பதே மேல். கலப்பதைப் பெரிய குளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லா மீனுக்கும் நெருக்கம் பகை என்றும் சொல்லிவிட முடியாது. திலேப்பியாவை மிகக் குறைவாக விட்டால் ஒவ்வொன்றும் எல்லை பிரித்துக்கொண்டு மற்றதை விரட்டும். கொஞ்சம் கூட்டம் இருந்தால் அந்தச் சண்டை அடங்கும். ஆர்க்டிக் சார் என்னும் குளிர்நீர் மீனும் அப்படித்தான், ஓரளவு நெருக்கத்தில்தான் நன்றாக வளர்கிறது. விரால் குஞ்சு நேர் எதிர்: அளவில் ஏற்றத்தாழ்வு வந்ததும் பெரியது சின்னதை விழுங்கிவிடும், வாரந்தோறும் தரம் பிரிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் அது. கெண்டை இனக் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிப்பதில்லை, விரட்டுவதில்லை. சத்தமில்லாமல் பட்டினி கிடந்து குறுகிப்போகும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

வியாபாரி சொன்ன இரண்டு லட்சத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் கைகூடிப் பாதி தேறினால் ஒரு லட்சம் இளங்குஞ்சு. கேட்க நன்றாக இருக்கிறது. அவற்றை எங்கே விடுவது? இளங்குஞ்சை விரலளவுக்கு வளர்க்க ஹெக்டேருக்கு ஒன்று முதல் மூன்று லட்சம் என்பது கணக்கு. நம் 12 குண்டேக் குளம் 12,000 முதல் 36,000 வரை கொள்ளும். மீதி அறுபதாயிரத்துக்கு மேல் அன்றைக்கே விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே கிடந்து கெடும். இளங்குஞ்சு வாங்க ஆள் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அப்படியானால் அந்த இரண்டாவது லட்சத்துக்கு வேலையே இல்லை. ஐந்தில் ஒன்றுதான் தேறும் என்று வைத்தாலும் கிடைப்பது நாற்பதாயிரம். எண்பதாயிரம் விட்டுப் பாதி தேறினாலும் அதே நாற்பதாயிரம்தான். எண்ணிக்கை ஒன்றானாலும் முதல் வகை ஏற்றத்தாழ்வோடும் நோயோடும் வரும், இரண்டரை மடங்கு பிண்ணாக்கையும் தின்றிருக்கும். நுண்குஞ்சு மலிவு என்பதுதான் இந்த வழியின் ஒரே கவர்ச்சி. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கை கூடவே போடுவது நம் கையின் வழக்கம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவர்கள் குளத்தை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி எண்பதாயிரம் விட்டு, பதினைந்து இருபது நாளில் வலை இழுத்துப் பெரிய குளத்துக்குப் பிரித்து விடுவது. மண் குளத்தில் நன்றாகப் பராமரித்தால் நூற்றுக்கு 30 முதல் 50 தேறும். அதாவது 24,000 முதல் 40,000. மோசமான வருடமானாலும் பெரிய குளத்துக்குப் போதும். நல்ல வருடமானால் கொஞ்சம் கையிருப்பு. 24,000 விட்டால் சதுர மீட்டருக்கு 20. அதில் 60 முதல் 80 விழுக்காடு தேறுவது இயல்பு என்பதால், மழைக்காலம் முடியும்போது 14,000 முதல் 19,000 விரலளவுக் குஞ்சு கையில் இருக்கும். இதில் உள்ள ஒரே இடர் தேதிதான். இருபதாம் நாள் வலை இழுக்க வேண்டியதை 'இந்த வாரம் ஆள் கிடைக்கவில்லை' என்று முப்பதாம் நாளுக்குத் தள்ளினால், எண்பதாயிரமும் இரண்டு லட்சத்தின் கதியைத்தான் அடையும். குஞ்சு வளர வளர, எண்ணிக்கை ஏறாமலே நெருக்கடி ஏறும்.

மூன்றாவது, நுண்குஞ்சுப் பருவத்தையே விட்டுவிட்டு, இருபதாயிரம் இளங்குஞ்சை நேரே வாங்கிப் பெரிய குளத்தில் விடுவது. செலவு கூடும், ஆனால் மிக ஆபத்தான இருபது நாளை வேறொருவர் தலையில் கட்டிவிடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே கேள்வி, அந்தக் குஞ்சு முன்பு எத்தனை நெருக்கத்தில் வளர்ந்தது என்பது. விற்பவரிடம் கேட்டால் பதில் வராது, குஞ்சிடம் கேட்கலாம். ஒரு வாளியில் ஐம்பது அறுபது குஞ்சை விட்டுக் கையால் தண்ணீரைச் சுழற்றுங்கள். திடமான குஞ்சு சுழலுக்கு எதிராக நீந்தும். நலிந்தது நடுவில் போய்ச் சேரும். பிறகு அளவைப் பாருங்கள். ஒரே கைப்பிடியில் ஒன்று மற்றொன்றின் இரண்டு மடங்கு இருந்தால் அது பந்தியில் அடிபட்ட கூட்டம். தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டியும் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பெரிய குளத்திலேயே வலைத்தொட்டி கட்டி நுண்குஞ்சு வளர்க்கலாம் என்பதும் ஒரு யோசனை. ஹாப்பா என்று சொல்கிறார்கள்: நான்கு மூங்கில் கழியில் கட்டிய செவ்வக வலைப்பெட்டி. பூச்சியும் தவளையும் அண்டாது. எண்ணுவதும் தரம் பிரிப்பதும் விளையாட்டு போல. ஆனால் நுண்குஞ்சு தப்பாதபடி கண் சின்னதான வலை வேண்டும். அந்தக் கண்ணைப் பாசி இரண்டு மூன்று நாளில் அடைத்துவிடும். வெளியே நல்ல தண்ணீர் இருந்தும் உள்ளே மூச்சு முட்டும். தினம் வலை தேய்க்க ஆள் இருந்தால் இது அருமையான வழி. மச்சினன் வாரத்தில் நான்கு நாள் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். எனவே இல்லை.

சிமெண்ட் தொட்டியையும், தொட்டியில் காற்றடித்துக் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு தீனியாக்கும் பயோஃப்ளாக் முறையையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். இரண்டிலும் நெருக்கத்தை மின்சாரத்தால் வாங்குகிறோம். காற்று இயந்திரம் நின்றால் நிமிடக் கணக்கில் முடிவு தெரிந்துவிடும். மாற்று மின்வசதி இல்லாத இடத்தில், மின்வெட்டு சொல்லிக்கொண்டு வராத ஊரில், அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

இன்னொரு வழியை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அது நெருக்கடியையே கருவியாக்குவது. ஆந்திராவில் பெருமளவில் செய்கிறார்கள். விரலளவுக் குஞ்சை வேண்டுமென்றே நெருக்கமாக வைத்து, உயிர் நிலைக்க மட்டும் தீனி போட்டு, ஒரு வருடம் குறுக வைக்கிறார்கள். பிறகு அதைத் தாராளமான குளத்தில் விட்டால், விட்ட வளர்ச்சியைப் பிடிக்கிற வேகத்தில் வளர்கிறது. நீர்க்காகத்துக்கும் விராலுக்கும் எளிதில் இரையாவதும் இல்லை. இதைக் கேட்டதும் மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியென்றால் போன வருடம் நாம் செய்ததும் அதுதானே மாமா?" என்றான். அல்ல. போன வருடம் பட்டினி கிடந்தவை 12 மில்லிமீட்டர் குஞ்சுகள். உறுப்பெல்லாம் உருவாகும் வயது. இங்கே நிறுத்தி வைப்பது வளர்ந்து தேறிய விரலளவு மீனை. தீனியைக் குறைக்கிறோமே தவிர, ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. தீனி குறைவாக விழுவதால்தான் தண்ணீரும் கெடாமல் இருக்கிறது. நெருக்கம் என்ற சொல் ஒன்றுதான், செய்வது வேறு.

பெங்களூருக்கு இந்தக் கடைசி வழி இயல்பாகவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 15, 16 டிகிரிக்கு இறங்கும். கெண்டைக் குஞ்சு எப்படியும் தீனியைக் குறைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் வளர்க்கப் பார்ப்பது காசைத் தண்ணீரில் கரைப்பது. அக்டோபரில் விற்காமல் தங்கும் மூவாயிரம் நாலாயிரம் குஞ்சைச் சின்னக் குளத்தில் நிறுத்தி வைத்து, ஏரிகள் நிரம்பிய பிறகு விற்றால் குத்தகைக்காரர் நல்ல விலை கொடுப்பார். பாரம் கூடுவதால் சேற்றை மட்டும் முன்கூட்டியே வாரி எடுத்திருக்க வேண்டும்.

ஆக என் கணக்கு இப்படி நின்றது: சின்னக் குளத்தில் ரோகு மட்டும் எண்பதாயிரம். பெரிய குளத்தில் 24,000, அதில் கட்லாவும் மிர்காலும் இளங்குஞ்சாகவே வாங்கிக் கலந்துகொள்வது. மிஞ்சும் ரோகுவைச் சந்தைக்குப் பார்ப்பது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. குளத்து மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வா என்றும் சொன்னேன். என் குப்பிகளைவிட அவர்களுக்குக் குளம் நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "ஒரு லட்சமாக வைத்துக்கொள்வோமா? பரிந்துரைக்குள்தானே வருகிறது?" என்று பேரம் பேசினான். தன் சொந்தக் குளத்துக்கே பேரம் பேசுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்: எட்டாம் நாளிலிருந்து வலை இழுக்கும் நாள் வரை விடியற்காலை ஐந்து மணிக்கு அவனே கரையில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எண்பதாயிரமே இருக்கட்டும் மாமா" என்று சாம்பாரை நகர்த்தி வைத்துக்கொண்டான்.